கரண்ட் வந்ததும் எது முதலில் எழும்?

கதிருக்கு,

நீ எதிர்பார்த்த மன்னிப்பு இந்தக் கடிதத்தில் இல்லை. முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் அதைத் தேடிக் கடைசி வரை படிக்கும் சிரமம் உனக்கு மிச்சம். இதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலேயே போடுகிறேன். உன் வருங்கால மாமனார் படிக்கட்டும், நீ கட்டிக்கொள்ளப்போகும் தமிழரசி படிக்கட்டும், உன் பெரியப்பாவும் சித்தியும் படிக்கட்டும். “அம்மா புரியாம புரோகிராம்ல கை வச்சுட்டாங்க, நான் பெங்களூர்ல இருந்தே சரி பண்ணிட்டேன்” என்று நீ போட்டதும் அதே குரூப்பில்தான். பெரியப்பா உடனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். சித்தி கைதட்டும் பொம்மை போட்டாள். எதற்குக் கைதட்டினோம் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. காடாம்புலியூரில் உன் மாமனாரின் முந்திரிக் கம்பெனியில் வேலை செய்யும் செல்வி என்ற பெண்ணுக்கு முழங்கைக்குக் கீழே வெந்துபோயிருக்கிறது. அது எப்படி நடந்தது, அதில் உன் பங்கு என்ன, நான் ஏன் உன் பேச்சைக் கேட்கப் போவதில்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன். கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி எழுதுகிறேன். தெரிந்ததையே படிப்பது உனக்குச் சலிப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்.

அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அதனால்தான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறாள் என்று நீ தமிழரசியிடம் சொன்னதும் என் காதுக்கு வந்தது. வயதாகிறது, இல்லையென்று சொல்லவில்லை. கண்ணாடி இல்லாமல் ஸ்க்ரீனில் எழுத்து தெரிவதில்லை. குவார்ட்டர்ஸ் மாடிப்படி ஏறினால் முழங்கால் முனகுகிறது. ஆனால் மந்தாரக்குப்பத்தில் லாரி எடைமேடைகளுக்குப் புரோகிராம் எழுதும் அந்தச் சின்னக் கம்பெனியில் நான் நீ பிறப்பதற்கு முன்பே உட்கார்ந்தவள். இன்றைக்கும் காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அங்கேதான் போகிறேன். லாரி மேடையில் முழுதாக ஏறி நிற்பதற்குள் எடையைப் பதிந்துவிடும் புரோகிராம்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன், திருத்தியிருக்கிறேன். அவசரக்குடுக்கையாக ஓடும் புரோகிராமை எனக்கு வாசனையிலேயே தெரியும். பயம் வேறு, தெரிந்து எச்சரிக்கையாக இருப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்கிற வயது எனக்கு இன்னும் வரவில்லை.

நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு ஏழுமலை சம்பந்தி உன்னிடம் ஒரு உதவி கேட்டார். முந்திரிக்கொட்டையை உடைப்பதற்கு முன்னால் நீராவியில் வேகவைக்க வேண்டும். அதற்கென்று அவரிடம் ஆள் உயரத்தில் ஒரு இரும்புக் குக்கர் இருக்கிறது. மேலே கொட்டையைக் கொட்டி, பாய்லரிலிருந்து நீராவியை விட்டு, வெந்ததும் கீழ்க்கதவைத் திறந்து வாரி எடுப்பார்கள். எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு நேரம் என்பதை ஒரு ஆள் பார்த்துப் பார்த்து வால்வைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டதால், “மாப்ள, கம்ப்யூட்டர் வச்சி செய்ய முடியுமா” என்றார் சம்பந்தி. நீ உற்சாகமாக ஒப்புக்கொண்டாய். லீவில் வந்து நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையை ஆக்கிரமித்து, வால்வுக்குப் பதில் ஒரு பல்பை மாட்டி, அது எரிவதையும் அணைவதையும் பார்த்துப் பார்த்து எழுதினாய். நாங்கள் ஹாலில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நீ வேலை செய்யும்போது உதட்டைக் கடித்துக்கொள்வது என்னைப் போலவே இருக்கிறது என்று உன் அப்பாவிடம் சொன்னேன்.

நீ அமைத்தது இதுதான். குக்கருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. வால்வைத் திறப்பதும் மூடுவதும் அதன் வேலை. ஆபீஸ் ரூமில் ஒரு கம்ப்யூட்டர். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம், கீழ்க்கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா வேண்டாமா என்ற செட்டிங்ஸ் எல்லாம் அதில் இருக்கும். பெட்டிக்கு உயிர் வந்ததும் ஆபீஸ் கம்ப்யூட்டரிடம் செட்டிங்ஸ் கேட்கும். அது வந்து சேரும் வரை சும்மா இருக்கக் கூடாதென்று, நீ பெட்டிக்குள்ளேயே சில ஆரம்ப மதிப்புகளை எழுதி வைத்தாய். சாப்பாட்டு மேஜையில் கதவு ஏது? அதனால் அந்த ஆரம்ப மதிப்பில் கதவைப் பார்க்க வேண்டாம் என்று போட்டாய். அதோடு, கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரவும் பெட்டிக்குச் சொல்லி வைத்தாய். சம்பந்திக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்டுவதற்காக நான் காடாம்புலியூர் போனேன். தமிழரசியின் அம்மா காபி போடப் போனார்கள். மாப்பிள்ளை செய்த மெஷினைப் பார்க்காமல் போகலாமா என்று சம்பந்தி என்னைக் கம்பெனிக்குக் கூட்டிப்போனார். நான் போன நேரம் கரண்ட் இல்லை. செல்வியும் இன்னும் சில பெண்களும் கீழ்க்கதவைத் திறந்து, நேரம் முடிவதற்குள் கரண்ட் போனாலும் வெந்தவரை போதும் என்று கொட்டையை வாரிக்கொண்டிருந்தார்கள். பேச்சும் சிரிப்புமாக இருந்தது. ஃபேன் சுற்ற ஆரம்பித்தது, கரண்ட் வந்துவிட்டது. அந்தப் பெண்கள் அத்தனை பேரும் கொட்டை அள்ளும் வாரியைக் கையிலிருந்து அப்படியே போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார்கள். யாரும் சொல்லவில்லை, பேச்சும் நிற்கவில்லை. மறுகணம் திறந்திருந்த கதவு வழியாக நீராவி சீறி, அடங்கியது. அவர்கள் மறுபடி முன்னால் வந்து வாரியை எடுத்துக்கொண்டார்கள்.

செல்வியிடம் இது என்ன என்று கேட்டேன்.

“கரண்டு வந்தவொடனே சில நாளு இப்புடி வுடும்ங்கம்மா. எல்லா நாளும் இல்ல. எதுக்கு வம்புன்னு நாங்க கரண்டு வந்தாலே தள்ளி நின்னுக்குவோம். பழகிப்போச்சிங்க.”

“மொதலாளிகிட்ட சொன்னீங்களா?”

“சொன்னோம்ங்க. புது மெசினு, போவப் போவ சரியாப் பூடும்னாரு.”

சம்பந்தி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். “ஒரு பொட்டு ஆவிதான் சம்பந்திம்மா” என்றார். காபி ஆறிவிடும் என்று என்னைக் கூட்டிப்போகப் பார்த்தார். நான் காபி குடிக்கவில்லை. உன் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன்.

உன் தப்பு என்னவென்று உனக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம், ரேஸ் கண்டிஷன். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கரண்ட் வந்ததும் பெட்டி, ஆபீஸ் கம்ப்யூட்டர் இரண்டும் ஒரே சமயத்தில் எழுகின்றன. எது முதலில் தயாராகும் என்று யாரும் தீர்மானித்து வைக்கவில்லை. கம்ப்யூட்டர் முந்திக்கொண்டு செட்டிங்ஸைக் கொடுத்துவிட்டால் பெட்டி கதவைப் பார்க்கும், திறந்திருந்தால் நீராவி விடாது. பெட்டி முந்திக்கொண்டால் அதனிடம் இருப்பது உன் சாப்பாட்டு மேஜை மதிப்புகள்தான். கதவைப் பார்க்காது, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன் பேர்வழி என்று வால்வைத் திறந்துவிடும். செட்டிங்ஸ் வந்து சேர்ந்ததும் விழித்துக்கொண்டு மூடும். கரண்ட் போனாலும் பாய்லரில் நீராவி அப்படியே இருக்கிறது, அதற்குக் கரண்ட் தேவையில்லை. பெரும்பாலான நாட்களில் கம்ப்யூட்டரே முந்திவிடுவதால் எல்லாம் ஒழுங்காக ஓடுவது போலத் தெரிகிறது. இந்த வகைத் தப்பு பல் இளிப்பது எப்போதாவதுதான். அதனால்தான் ஆட்கள் அதற்குப் பழகிக்கொள்கிறார்கள். உன் புரோகிராம் செய்திருக்க வேண்டிய காத்திருப்பை அந்தப் பெண்கள் செய்துகொண்டிருந்தார்கள், கதிர்.

இது எப்படி உன் கண்ணில் படாமல் போனது என்று யோசித்துப் பார்த்தேன். நீ சோம்பேறி இல்லை. மேஜையில் ஆயிரம் தடவை சோதித்தாய். ஆனால் நீ நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவன். நம் பிளாக்கில் கரண்ட் போவது அபூர்வம். இன்வெர்ட்டர் என்றால் என்னவென்று காலேஜுக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டாய். மந்தாரக்குப்பத்தில் இருக்கும் உன் சிநேகிதன் வீட்டில் கரண்ட் போனபோது பயந்துகொண்டு எனக்குப் போன் செய்தவன் நீ. நீ சோதித்ததெல்லாம் பெட்டியை அணைத்துப் போட்டுத்தான். பக்கத்தில் செட்டிங்ஸ் வைத்திருந்த லேப்டாப் எப்போதும் விழித்துக்கொண்டே இருந்தது. கேட்டதும் கொடுத்தது. எல்லாமே செத்து, எல்லாமே ஒன்றாக எழுந்திருக்கும் ஒரு நேரம் உன் கற்பனையிலேயே இல்லை. காடாம்புலியூரில் அது தினப்படி. நம் நிலக்கரியில் வருகிற வெளிச்சம் நமக்குத் தடங்கல் இல்லாமல் கிடைப்பதால், ஊருக்கெல்லாம் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாய். இந்த டவுன்ஷிப் பிள்ளைகள் செய்யக்கூடிய தப்புதான். அதற்காக நான் உன்னைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு நீ செய்ததற்குத்தான் திட்டுகிறேன்.

அன்றைக்கே உனக்குப் போன் போட்டுச் சொன்னேன். நீ மீட்டிங்கில் இருந்தாய். “சரிம்மா, ஸ்டார்ட் ஆனதும் அரை நிமிஷம் ஸ்லீப் போட்டுரலாம், அதுக்குள்ள செட்டிங்ஸ் வந்துரும்” என்றாய். பெட்டி அரை நிமிடம் சும்மா தூங்கட்டும் என்பது அதன் அர்த்தம். வராவிட்டால் என்று கேட்டேன். “வந்துரும்மா” என்றாய். திடீரென்று கரண்ட் போய் அணைந்த கம்ப்யூட்டர் சில நாள் தன் டிஸ்க்கைத் தானே சோதித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருக்கும். சில நாள் அப்டேட் என்று சுற்றிக்கொண்டிருக்கும். அரை நிமிடம் போதாத நாளில் வால்வு திறக்கத்தான் போகிறது. இதுவரை கரண்ட் வந்ததும் உடனே சீறும் என்று தெரிந்து அந்தப் பெண்கள் தள்ளி நின்றார்கள். நீ சொன்னபடி செய்தால், கரண்ட் வந்து, ஒன்றும் ஆகவில்லை என்று அவர்கள் குனிந்து வார ஆரம்பித்த பிறகு சீறும். இதை நான் சொன்னபோது, “அதெல்லாம் ரொம்ப ரேர் கேஸ்ம்மா, கல்யாணம் முடியட்டும், நிதானமா பாக்கலாம்” என்றாய். முகூர்த்தத்துக்கும் நீராவிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

உன் அப்பா மைன்ஸில் கன்வேயர் கன்ட்ரோல் ரூமில் எத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறார் என்று உனக்குத் தெரியும். நிலக்கரி ஏறிப்போகும் பெல்ட்டுகள் வரிசையாக எத்தனையோ. ஒன்று கொட்டுவதை அடுத்தது வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதைத் தொடங்கும்போது முதலில் சைரன். பிறகு கடைசி பெல்ட்டைத்தான் முதலில் ஓட்டுவார்கள். அது முழு வேகத்தில் ஓடுகிறேன் என்று சிக்னல் கொடுத்தால்தான் அதற்கு முந்தையது கிளம்பும். அப்படியே பின்னோக்கி ஒவ்வொன்றாக. சிக்னல் வராவிட்டால் மற்றதெல்லாம் நின்றபடியே நிற்கும். உன் விஷயத்தை அவரிடம் சொன்னபோது ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “இந்நேரம் ஓட ஆரம்பிச்சிருக்கும்னு கடியாரத்தப் பாத்துகினு அடுத்த பெல்ட்ட போடுவாங்களா எவனாச்சும்? ஓடுதான்னு அதையே கேக்கணும். பதில் சொல்லலன்னா ஓடலன்னு அர்த்தம்” என்றார். மோர் ஊற்றிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். “என்னதான் புரோகிராம் எழுதினாலும் கதவுல ஒரு சுவிட்ச மாட்டி, வால்வுக்குப் போற கரண்ட அது வழியா கொண்டு போவச் சொல்லு. கதவு தொறந்தா வால்வுக்கு கரண்டே போவக் கூடாது.” உன்னை ஒன்றும் சொல்லவில்லை. உனக்குத்தான் தெரியுமே, அவர் திட்டுவது என்னை மட்டும்தான்.

நான் உன் புரோகிராமைத் திருத்தினேன். ஆமாம், உன்னைக் கேட்காமல்தான். கேட்டால் கல்யாணம் முடியட்டும் என்பாய். ஆரம்ப மதிப்புகளை எல்லாம் தூக்கிப் போட்டேன். செட்டிங்ஸ் வராத வரை பெட்டிக்கு எதுவும் தெரியாது, தெரிந்தது போல நடிக்கக் கூடாது. செட்டிங்ஸ் முழுதாக வந்து, ஒன்றும் விடுபடவில்லை என்று சரிபார்த்த பிறகுதான் வால்வைத் தொடும் பகுதி கண் விழிக்கும். பாதி வந்து பாதி வராமல் இருந்தால் வராததாகத்தான் கணக்கு. எவ்வளவு நேரமானாலும் வரவில்லையா, வால்வு மூடியே இருக்கும், சிவப்பு விளக்கு எரியும், யாராவது போய் ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்க்கட்டும். விட்ட இடத்திலிருந்து தானாகத் தொடர்வதையும் எடுத்துவிட்டேன். ஒரு மனுஷர் பார்த்து பட்டனை அழுத்தினால்தான் தொடரும். இதற்கெல்லாம் மேலாக, கதவைப் பார்க்க வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியையே செட்டிங்ஸிலிருந்து அழித்து, பெட்டி எப்போதும் கதவைப் பார்த்தே தீர வேண்டும் என்று ஆக்கினேன். எவ்வளவு அழுத்தம் என்பது அவரவர் இஷ்டம். ஒரு பெண் கையை உள்ளே விட்டிருக்கும்போது நீராவி விடலாமா என்பது யாருடைய இஷ்டமும் இல்லை. அது எங்கிருந்தோ வந்து சேர வேண்டிய தகவலாகவே இருக்கக் கூடாது.

முடித்துவிட்டு, மெயினை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரை வேண்டுமென்றே தாமதமாக எழுப்பினேன், எழுப்பாமலே விட்டேன், பாதியில் வயரைப் பிடுங்கினேன். வால்வு ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. அப்போதுதான் நான் செல்வியிடமும் மற்ற பெண்களிடமும் சொன்னேன், “இனிமே நீங்க தள்ளி நிக்க வேண்டாம், சரி பண்ணியாச்சு” என்று. அந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள். நான் சொன்னேன், அவர்கள் நம்பினார்கள்.

அதற்குப் பிறகு கரண்ட் வந்தும் குக்கர் சும்மா நிற்கும் நேரங்கள் வர ஆரம்பித்தன. ஆபீஸ் கம்ப்யூட்டர் எழுந்திருக்காத ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கு. முன்னாலும் அது எழுந்திருக்காமல்தான் இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். சம்பந்திக்குக் கோபம். “மாப்ள எழுதினப்ப நல்லா ஓடிகினு இருந்திச்சி. நீங்க கை வச்ச பொறவு நின்னு நின்னு பூடுது சம்பந்திம்மா” என்று போனில் சொன்னார். முன்னால் தப்பாக ஓடியது, இப்போது சரியாக நிற்கிறது என்றேன். அவர் அதை ரசிக்கவில்லை. ஆபீஸ் ரூமுக்கு ஒரு நல்ல யுபிஎஸ் வாங்கிப் போடுங்கள், நிற்பது குறைந்துவிடும் என்றும் சொன்னேன். அவர் யுபிஎஸ் கடைக்குப் போகவில்லை, உன்னிடம் போனார். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல், பெங்களூரிலிருந்தபடியே இன்டர்நெட் வழியாகப் பெட்டிக்குள் நுழைந்து, என்னுடையதை எடுத்துவிட்டு உன் பழையதை அரை நிமிடத் தூக்கத்தோடு திரும்பப் போட்டாய். குரூப்பில் பெருமையாக எழுதினாய். நான் அதைப் பார்த்தபோது எடைமேடை ஒன்றைத் திருத்துவதற்காக வடலூர்ப் பக்கம் போயிருந்தேன். உடனே உனக்கும் சம்பந்திக்கும் மாறி மாறிப் போன் அடித்தேன், இரண்டு பேரும் எடுக்கவில்லை. பஸ் பிடித்துக் காடாம்புலியூர் போய்ச் சேருவதற்குள் அங்கே கரண்ட் போய் வந்துவிட்டது.

அன்றைக்கு செல்வி தள்ளி நிற்கவில்லை. தள்ளி நிற்க வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேனே. கரண்ட் வந்தது, அரை நிமிடம் ஒன்றும் ஆகவில்லை, அவள் கதவுக்குள் கையை விட்டு வாரிக்கொண்டிருந்தாள், அப்போதுதான் சீறியது. நான் போனபோது அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். சம்பந்தி அதைக்கூட என்னிடம் சொல்லவில்லை. “சும்மா தோலு லேசா செவந்திருக்கு, கவனக் கொறவு” என்றார். தமிழரசிதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னாள். “அத்தை, தோல் உரிஞ்சிருக்கு. அப்பா யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டார். நான் அவர்கிட்ட சண்டை போட்டுட்டேன், இனிமே நீங்க போடுங்க” என்றாள். உனக்கு நல்ல பெண் அமைந்திருக்கிறாள். உன்னை நினைத்து எரிச்சலில் இருந்த எனக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

நான் அங்கேயே உட்கார்ந்து என் புரோகிராமைத் திரும்பப் போட்டேன். வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை அடைத்தேன், பாஸ்வேர்டை மாற்றினேன். மந்தாரக்குப்பத்திலிருந்து எலக்ட்ரீஷியனை வரவழைத்து உன் அப்பா சொன்னபடி கதவில் சுவிட்சையும் மாட்டினேன். சம்பந்தி வாசலில் நின்றுகொண்டு, “இது என் கம்பெனி, இப்புடியே போனா கல்யாணத்தப் பத்தி யோசிக்க வேண்டி வரும்” என்றார். நன்றாக யோசியுங்கள் என்றேன். பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்க மாட்டேன், என் புரோகிராமை எடுப்பதானால் அந்தப் பெட்டியையே உடைத்து எடுக்க வேண்டும், கை வெந்த கதையைத் தேவைப்பட்டால் உரிய இடத்தில் போய்ச் சொல்வேன் என்றும் சொன்னேன். குரூப்பில் இதைப் படிக்கும் பெரியவர்கள், சம்பந்தியிடம் இப்படிப் பேசலாமா என்று கேட்பார்கள். பேசலாம். பேசினேன். பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். உன் கல்யாணத்தைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்கும் தெரியும். தையில் நீ மாலையோடு நிற்பதை நினைத்தால் இப்போதும் கையிலிருக்கும் வேலை நின்றுவிடுகிறது. அதைக் காட்டி என்னை மிரட்டினால் மட்டும் நிற்காது.

உனக்குச் சொல்வதற்குப் புத்திமதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாளைக்கு இதைவிடப் பெரிய மெஷின்களுக்கு எழுதுவாய். தெரியாதபோது தெரியவில்லை என்று சொல்லி நிற்கும் புரோகிராமை எழுது. அது நிற்கிறதே என்று கத்துகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள், உன் மேனேஜரும் கத்துவார். கத்தட்டும். உன் பெண்டாட்டி உன்னிடம் ஒன்று கேட்டு நீ தெரியாமல் முழிக்கும் நேரத்திலும் இதையே செய், ஏதோ ஒரு பதிலை அடித்துவிடாதே. இவ்வளவுதான் என் சரக்கு.

ஆனால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அது கம்ப்யூட்டர் வேலை இல்லை. நேற்று செல்வி கையில் கட்டோடு வேலைக்கு வந்திருந்தாள். வீட்டில் உட்கார்ந்தால் கட்டுப்படியாகாது என்றாள். ஒற்றைக் கையால் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவள் முன்னால் போய் நின்று, மறுபடி சரி செய்துவிட்டேன், இந்தத் தடவை யாரும் மாற்ற முடியாது என்றேன். “சரிங்கம்மா” என்றாள், மரியாதையாக. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய் வந்தது. அத்தனை பெண்களும் தள்ளிப் போனார்கள். முன்பெல்லாம் இரண்டடிதான், இப்போது சுவர் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டார்கள். செல்வி அங்கிருந்தே என்னைப் பார்த்தாள். நான் பேசி அவள் நம்பப் போவதில்லை, அவளுக்கு அதற்கு முழு உரிமையும் இருக்கிறது. மாற்றியது என் மகன் என்றும் நான் அவளிடம் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும். கவனக் குறைவு உன்னுடையது, அவளுடையது இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு இந்தக் குரூப்பிலும் போட வேண்டும்.

நான் லீவ் போட்டுவிட்டேன். நாளையிலிருந்து அந்தக் குக்கரின் கீழ்க்கதவு ஓரத்தில், செல்வி நிற்கும் இடத்தில் நிற்கப்போகிறேன். கரண்ட் போகட்டும், வரட்டும், நான் நகர மாட்டேன். அந்தப் பெண்கள் சுவரை விட்டு முன்னால் வரும் வரை நிற்பேன், கல்யாண நாள் வந்தாலும் சரி. இரண்டு பேர் நிற்க அங்கே இடம் இருக்கிறது. கிளம்பி வா. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வராதே, செல்வியின் கை மூடியிருக்கவில்லை.

உன் அம்மா